மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கார் இழுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களில் பலர் பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டுதான் போவார்கள். 35 அடி வண்டியை முகாமில் நிறுத்தி, மட்டம் பார்த்து, தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் எல்லாம் இணைத்த பிறகு, பால் வாங்குவதற்காக அதைத் திரும்பக் கிளப்ப யாருக்கும் மனசு வராது, அதற்குத்தான் இந்தக் கார். இழுக்கும் முறைகள் மூன்று. நாலு சக்கரமும் தரையில் உருள டோ பாரில் (வண்டியையும் காரையும் இணைக்கும், இரண்டு கைகள் கொண்ட இரும்புச் சட்டம்) மாட்டி இழுப்பது, முன்சக்கரங்களை மட்டும் டாலி என்ற சின்ன இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி இழுப்பது, காரை முழுசாக டிரெய்லரில் ஏற்றிவிடுவது. நான் அதிகம் பேசப்போவது முதல் முறையைப் பற்றி, ஏனென்றால் பெரும்பாலோர் விரும்புவது அதைத்தான், தவறாகச் சாமான் வாங்க வாய்ப்பு அதிகம் இருப்பதும் அதில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்குப் பின்னால் வரும் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. 22,000 பவுண்டு வண்டியை ஓட்டுகிறீர்கள், பின்னால் 3,500 பவுண்டு கார் டயர் வெடித்து வெறும் ரிம்மில் உருண்டு வந்தாலும் ஸ்டீயரிங்கில் எதுவும் தட்டுப்படாமல் போகலாம். அதனால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் தானாக வந்து சொல்லாது, வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்னால் நடந்துபோய் நீங்கள்தான் தேட வேண்டும். பின்பக்கக் கேமரா, காரின் நாலு டயருக்கும் காற்றழுத்தம் காட்டும் சென்சார், இந்த இரண்டையும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீளமான டீசல் வண்டியாக இருந்தால் சென்சாரின் சமிக்ஞை முன்னால் வந்து சேர நடுவில் ஒரு ரிப்பீட்டரும் தேவைப்படும்.

ஏற்றத்தில் திணறுகிறது, இறக்கத்தில் பிரேக் போதவில்லை

ஓட்டுபவருக்கு நேரடியாகத் தெரியும் சில அறிகுறிகளில் இது ஒன்று. எஞ்சின் சூடு ஏறும், கியர் அடிக்கடி இறங்கும், இறக்கத்தில் பெடலை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். எல்லோரும் உடனே எஞ்சினையும் பிரேக் பேடையும் சந்தேகப்படுவார்கள், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எடையை.

ஒவ்வொரு மோட்டார்ஹோமுக்கும் இரண்டு எடை வரம்புகள் உண்டு. வண்டி மட்டும் எவ்வளவு இருக்கலாம் என்பது ஒன்று, வண்டியும் இழுபடும் பொருளும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது இன்னொன்று. ஃபோர்டு எஃப்-53 சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டப்பட்ட பல பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் முதல் எண் 22,000 பவுண்டு, இரண்டாவது 26,000. வண்டியை வரம்பு வரை நிரப்பிவிட்டால் காருக்கு மிச்சம் இருப்பது 4,000 பவுண்டுதான், வண்டியின் பின்னால் இழுவையை மாட்டும் ஹிட்ச்சின் மேல் 5,000 என்று ஒட்டியிருந்தாலும் சரி. ஈ-450 சேஸில் வரும் சின்ன வண்டிகளில் கதை தலைகீழ். அங்கே 14,500, 22,000 என்று எண்கள் இருக்கும், கழித்தால் 7,500 வரும், ஆனால் மேல்கூட்டைக் கட்டியவர்கள் சேஸைப் பின்னால் நீட்டி அதில் ஹிட்ச்சைப் பற்றவைத்திருப்பார்கள், அதன் தாங்குதிறன் 5,000 பவுண்டோ இன்னும் குறைவாகவோ இருக்கும். எது சின்ன எண்ணோ அதுதான் உங்கள் எண். ஹிட்ச், உயரம் சரிசெய்ய இடையில் போடும் துண்டு, டோ பார், காரில் மாட்டும் பேஸ் பிளேட், பாதுகாப்புக் கேபிள் என்று வரிசையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். 10,000 பவுண்டு தாங்கும் டோ பாரை வாங்கிவிட்டதால் 5,000 பவுண்டு ஹிட்ச்சுக்குப் பலம் கூடிவிடாது.

பிரசுரத்தில் போட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், பயணத்துக்குத் தயாரான நிலையில், டீசலோ பெட்ரோலோ நிரம்பி, தண்ணீர் நிரம்பி, ஆட்கள் உள்ளே இருக்க, அச்சுவாரியாக எடை போடுங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 80 கேலன் தொட்டி நிரம்பியிருந்தால் அதுவே 660 பவுண்டுக்கு மேல் போய்விடும். எடை கூடுதலாக இருந்தால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, போய்ச்சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம், காருக்குள் திணித்திருக்கும் சாமானை இறக்கலாம், அப்படியும் சரிவரவில்லை என்றால் காரைத்தான் மாற்ற வேண்டும்.

எடை சரியாக இருந்தும் இறக்கத்தில் வண்டி நிற்க யோசிக்கிறது என்றால், இழுபடும்போது காரின் பிரேக்கைப் போடும் துணைப் பிரேக் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

காரிலிருந்து தீய்ந்த வாடை, அடியில் சிவப்பு எண்ணெய், இறக்கிய பிறகு கியர் விழவில்லை

இது வந்துவிட்டால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் கெட்டுப்போயிருக்கும். இங்கே டோ பாரைத் திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை, அந்தக் கார் அப்படி இழுக்கப்படவே கூடாத கார், அல்லது கியரை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

காரணம் எளிது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினால் ஓடுகிறது. எஞ்சின் அணைந்திருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே பல்சக்கரங்கள் சுற்றும், ஆனால் எண்ணெய் போகாது. நியூட்ரலில் இருந்தாலும் இதே நிலைதான். அதனால் காரை வாங்குவதற்கு முன், டோ பார் விலையைக் கேட்பதற்கும் முன், அந்த வருடத்து, அந்த மாடலின் கையேட்டை எடுத்து, மோட்டார்ஹோமுக்குப் பின்னால் இழுப்பது பற்றிய பகுதியைப் படியுங்கள். நாலு சக்கரமும் தரையில் இருக்கலாமா கூடாதா என்று அதில் நேராக எழுதியிருக்கும். கார் விற்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

ஒரே பெயரில் வரும் கார்கூட வருடத்துக்கு வருடம் மாறும் என்பதற்கு ஹோண்டா சி.ஆர்.வி நல்ல உதாரணம். 2014 மாடல் வரை அதைத் தாராளமாக இழுக்கலாம், ரோட்டில் நீங்கள் பார்க்கும் இழுபடும் கார்களில் அது நிறையவே இருக்கும். 2015 மாடலில் சி.வி.டி என்ற, தனித்தனிக் கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது, அத்தோடு அந்த அனுமதி போய்விட்டது. பழைய சி.ஆர்.வியையும் சும்மா நியூட்ரலில் போட்டு இழுத்துவிட முடியாது. எஞ்சினை ஓடவிட்டு, கியரை டி நிலையில் 5 நொடி பிடித்து, பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, 3 நிமிடம் ஓடவிட்டு, அப்புறம்தான் அணைக்க வேண்டும். இழுக்கும் வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது, 8 மணி நேரத்துக்கு மேல் போனால் இதை மறுபடி செய்ய வேண்டும். இதைத் தாவிவிட்டுப் போகிறவர்களின் கியர்பாக்ஸ்தான் பாதி வழியில் போகிறது.

ஜீப் ராங்ளர் இன்னொரு வகை. அதில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு, அதைப் போட்டுவிட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். ஆனால் ஆட்டோமேட்டிக் ராங்ளரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலிலும் கியர்பாக்ஸ் பார்க்கிலும் இருக்க வேண்டும், இரண்டையும் நியூட்ரலில் விடுவது தவறு. மேனுவல் என்றால் கியரில் விட வேண்டும். நியூட்ரல் உண்மையில் விழுந்ததா என்று சந்தேகமிருந்தால், எஞ்சின் ஓடும்போது கியரை டியிலும் ரிவர்ஸிலும் போட்டுப் பாருங்கள், கார் அசையவே கூடாது. கிராண்ட் செரோகி வாங்குபவர்கள் கவனிக்க: குறைந்த வேகக் கியர் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தால்தான் அந்த நியூட்ரல் இருக்கும், எல்லா 4x4 கிராண்ட் செரோகியிலும் இருக்காது.

உங்கள் கார் நாலு சக்கரத்தில் போகாத ரகம் என்று தெரிந்துவிட்டது, காரை மாற்றவும் மனமில்லை. முன்சக்கரத்தால் ஓடும் காராக இருந்தால் டாலி சரிவரும். பின்சக்கரத்தால் ஓடுவதென்றால் டிரைவ்ஷாஃப்டைப் பிரித்துவிடும் உபகரணம் பொருத்த வேண்டும். நாலு சக்கரமும் ஓடும் ஆல்-வீல் டிரைவ் காரை டாலியில் ஏற்றுவது பெரும்பாலும் கூடாது, பின்சக்கரம் உருளும்போது நடுவில் இருக்கும் கிளட்ச்சுகள் சூடேறிப் போய்விடும். டெஸ்லா மாதிரி மின்சாரக் காருக்கு டிரெய்லர் ஒன்றுதான் வழி, சக்கரம் எதுவுமே தரையில் உருளக் கூடாது. டிரெய்லரே 1,500 பவுண்டிலிருந்து 2,000 பவுண்டு வரை இருக்கும் என்பதால் மேலே சொன்ன 5,000 பவுண்டு கணக்கு அங்கே மறுபடி இடிக்கும்.

திருப்பத்தில் கார் டயர் கிறீச்சிடுகிறது, நிறுத்திப் பார்த்தால் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது

முன்டயர் என்றால் ஸ்டீயரிங் பூட்டியிருக்கிறது. கையேட்டில் சொன்ன நிலையில் சாவி இல்லை, அல்லது சாவியை எடுத்துவிட்டார்கள். பின்டயர் என்றால் ஹேண்ட்பிரேக். பொத்தானை அமுக்கிப் போடும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் இது கூடுதல் தொல்லை, கதவைத் திறந்தாலோ எஞ்சினை அணைத்தாலோ தானாகவே விழுந்துவிடும் கார்கள் உண்டு. கியர் லீவருக்குப் பதில் பொத்தான் வைத்த கார்களில் சிலது தானாகவே பார்க்குக்கும் போய்விடும்.

இதைப் பிடிக்க ஒரே வழிதான். கிளம்புவதற்கு முன், முகாமைவிட்டு வெளியே வராமலேயே, ஒருவர் மோட்டார்ஹோமை மெதுவாக நகர்த்த இன்னொருவர் காரின் பக்கத்தில் நடந்து நாலு சக்கரமும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் இடதும் வலதும் திருப்பச் சொல்லி முன்சக்கரம் கூடவே திரும்புகிறதா என்றும் பார்க்கலாம். சக்கரம் சுற்றாமல் சரளைக் கல்லில் கோடு இழுத்துக்கொண்டு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இதைப் பார்க்காமல் வண்டி கிளம்புவதே இல்லை.

காரின் முன்சக்கரம் இரண்டும் வெறிபிடித்தது போல ஆடுகிறது

கேமராவில் பார்த்தால் காரின் முன்பகுதியே இடமும் வலமுமாக உதறும். ஜீப்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பயம். சாலையில் ஒரு மேடோ பாலத்தின் இணைப்போ வந்ததும் ஆரம்பிக்கும், தானாக நிற்காது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரங்கட்டி முழுசாக நிறுத்துங்கள், அப்போதுதான் ஆட்டம் அடங்கும்.

அடங்கியதும் மறுபடி கிளம்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டிய வரிசை இது: முன்டயர்களின் காற்று, ஸ்டீயரிங் டேம்பர், டை ராட் முனைகள், டிராக் பார் போல்ட்கள். பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் போட்ட ராங்ளரில் கோணங்கள் மாறியிருப்பதால் இது சீக்கிரம் வரும். மின்சாரத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் உள்ள சில கார்களில் காரணமே வேறு. பவர் ஸ்டீயரிங் அணைந்திருக்கும்போது சக்கரத்தின் ஆட்டத்தை அடக்க எதுவும் இல்லாமல் போகிறது. ஜீப் செரோகி, கிராண்ட் செரோகி ஆகியவற்றில் இழுக்கும் நேரத்திலும் ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொடுக்கவென்றே, ஜீப்புக்கு உதிரிபாகம் விற்கும் மோபார் தனி ஒயரிங் விற்கிறது. உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று கேட்டு அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

அப்புறம் டோ பாரின் மட்டம். வண்டியிலிருந்து காருக்குப் போகும் பார் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும், 3 அங்குலத்துக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இருக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சாய்வு அதிகமானால் வண்டி பிரேக் போடும்போது கார் முன்னால் தள்ளுகிற விசையில் ஒரு பகுதி மேலேயோ கீழேயோ திரும்பிவிடும், காரின் மூக்கு எழும்பும் அல்லது அமுங்கும், அந்த விசை அத்தனையையும் பேஸ் பிளேட் போல்ட்கள்தான் தாங்க வேண்டிவரும். சரிசெய்ய மேல்-கீழ் அடாப்டர் கிடைக்கும், அதன் தாங்குதிறனையும் பாருங்கள். டீசல் வண்டிகளில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும், காற்று இறங்கி நிற்கும்போது அளந்து அடாப்டர் வாங்கினால், ஓடும் உயரத்துக்கு வந்ததும் அளவு தவறாகிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, காற்று ஏறிய பிறகே அளவெடுங்கள்.

டோ பார் கழற்ற வரவில்லை

முகாமுக்குள் வளைந்து நுழைந்து, கார் கோணலாக நிற்கும்போது கழற்றப் பார்த்தால் டோ பாரின் கைகளில் ஒன்றின் மேல் முழு இழுவையும் இருக்கும், தாழ் அசையாது. சுத்தியலால் அடிக்க வேண்டாம், தாழின் விளிம்பு மழுங்கிவிட்டால் அது பிறகு ஓடும்போது தானாகவே விடும். காருக்குள் போய் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள், ஹேண்ட்பிரேக்கை எடுத்துக் காரை ஓரிரு அங்குலம் நகரவிடுங்கள், பெரும்பாலும் அதிலேயே விட்டுவிடும். கழற்றுவதற்கென்று நேராக, மட்டமாக ஓர் இடம் பார்த்து நிறுத்துவது இன்னும் நல்லது. அடிக்கடி இந்தத் தொல்லை என்றால், இழுவை இருக்கும்போதும் விடுபடக்கூடிய நெம்புகோல் வைத்த டோ பார்கள் இருக்கின்றன. ப்ளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ மூன்றுமே அப்படிச் செய்கின்றன, விலை கூடுதல்தான், ஆனால் மழையில் சரிவில் நின்றுகொண்டு போராடுபவர் அந்தப் பணத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்.

பூட்டாமல் போவதும் உண்டு. மாட்டியதும் வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினால் இரண்டு கைகளும் நீண்டு, டக்கென்று தாழ் விழ வேண்டும். ஒன்று மட்டும் விழவில்லை என்றால் உள்குழாயில் தூசியும் மணலும் அடைத்திருக்கும். கழுவிக் காயவைத்துச் சிலிக்கான் தெளிப்பு போடுங்கள். கிரீஸ் தடவினால் அடுத்த மண் சாலையில் தூசி எல்லாம் அதில்தான் ஒட்டும்.

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி இறங்கிவிட்டது. ஸ்டீயரிங் பூட்டாமல் இருக்கச் சாவியை ஒரு நிலை திருப்பி வைத்திருக்கிறீர்கள், அந்த நிலையில் ரேடியோ, திரை, இன்னும் என்னென்னவோ மின்சாரம் குடித்துக்கொண்டே வரும். பெட்டி வகைத் துணைப் பிரேக் (விவரம் கீழே) இருந்தால் அதுவும் காரின் 12 வோல்ட்டைத்தான் எடுக்கும். பெடலை அழுத்தும்போதெல்லாம் காரின் சொந்தப் பிரேக் விளக்கும் எரியும்.

கையேட்டில் எந்த ஃபியூஸை எடுக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள், சில கார்களுக்கு அதுவே போதும். நிரந்தரத் தீர்வு மோட்டார்ஹோமிலிருந்து காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைன், நடுவில் ஒரு சர்க்யூட் பிரேக்கரோடு. வண்டி ஓடும்வரை கார் பேட்டரியும் நிரம்பிக்கொண்டே வரும். பேட்டரி முனையையே கழற்றிவிடுவது சுலபம் என்று தோன்றும், ஆனால் இழுக்கும்போது மின்சாரம் தேவைப்படும் காரில் அதைச் செய்யக் கூடாது, பிரேக் பெட்டிக்கும் அவசரப் பிரேக்குக்கும் அதே பேட்டரிதான் வேண்டும்.

கார் சக்கரம் கொதிக்கிறது, பிரேக் வாடை வருகிறது

நிறுத்தியதும் பின்னால் போய் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், அருகில் போனாலே தெரியும். சின்ன இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சக்கரம் மட்டும் சூடென்றால் அந்தச் சக்கரத்தின் காலிப்பரோ பேரிங்கோ. நாலுமே சூடென்றால் துணைப் பிரேக் பெடலை விடாமல் அழுத்திக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டி வகை என்றால், பிரேக் பெடலைப் பிடித்து இருக்கைக்கு முன்னால் தரையில் உட்காரும் ரகம், பிரேக் பட்டி (Brake Buddy), ஆர்விஐபிரேக், ஈவன் பிரேக் எல்லாம் இந்த வகை. பொருத்துவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, உள்ளே மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இதைச் செய்யாமல் பெட்டியை அமைத்தால் அது மென்மையான பெடலுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், பிறகு எல்லாமே தவறாகும். இருக்கையை முன்னால் தள்ளி இறுக்கி வைத்தால் பெடல் லேசாக அமுங்கியே இருக்கும், அதுவும் சூட்டுக்குக் காரணம்.

ஹைபிரிட் கார்களிலும் புதிய கார்கள் பலவற்றிலும் எஞ்சின் அணைந்திருந்தாலும் பிரேக்கின் மின்சார உதவி வேலை செய்துகொண்டே இருக்கும். செத்த பெடலுக்கென்று செய்த பிரேக்கை அதில் வைத்தால் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போதே உங்கள் கார் மாடலைச் சொல்லி, உயிருள்ள பிரேக்குக்கு இது ஏற்றதா என்று கேளுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலே பிரேக் விளக்கு எரியும் வண்டிகள் உண்டு. பிரேக் விளக்கு எரிவதை வைத்து வேலை செய்யும் துணைப் பிரேக் காரில் இருந்தால், நீண்ட மலை இறக்கம் முழுதும் மோட்டார்ஹோம் ஓட்டுநர் பெடலைத் தொடவே இல்லாதபோதும் கார் பிரேக் போட்டுக்கொண்டே வரும். கீழே வந்து சேரும்போது புகை. ஏர் பிரேக் உள்ள வண்டி என்றால் அந்தக் காற்றழுத்தத்தையே வைத்து அதே விகிதத்தில் காரை நிறுத்தும் ஏர் ஃபோர்ஸ் ஒன் போன்ற முறைக்குப் போவதுதான் என் விருப்பம். எண்ணெய்ப் பிரேக் உள்ள பெட்ரோல் வண்டிக்கு விகிதாசாரமாக அழுத்தும் பெட்டி போதும். மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு, கார் முன்னால் தள்ளும் விசையாலேயே கேபிளை இழுத்துப் பெடலை அமுக்கும் ரெடிபிரேக் இருக்கிறது.

பிரேக் வேலையே செய்யவில்லை என்பது எதிர்ப்பக்கம், அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சூடும் இல்லை வாடையும் இல்லை. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கோ திரையோ வைத்து, பெடல் அமுங்குவதைக் காட்டும் மானிட்டர் கட்டாயம் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் தனிப் பிரேக் சட்டப்படி தேவை, சில இடங்களில் அதைவிடக் குறைந்த எடைக்கே. சட்டம் கேட்காத இடத்திலும் போடுங்கள். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்குத்தான் கணக்கிடப்பட்டது, பின்னால் வரும் இரண்டு டன்னுக்கு அல்ல.

கார் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே கேபிளை டோ பாரில் மாட்டியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டோ பாரோடு சேர்ந்து கழன்றால் அந்தக் கேபிள் இழுபடவே படாது. அதை மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், திருப்பத்தில் இழுபடாத அளவு தளர்வாக. அவ்வப்போது அந்தக் கேபிளின் முனையில் உள்ள முள்ளை இழுத்துப் பார்த்து, பெடல் அமுங்குகிறதா என்று சோதியுங்கள்.

பின்விளக்கு குழப்பம்

ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மினுக்கினாலும், எல்லா விளக்கும் மங்கலாக எரிந்தாலும், பத்தில் எட்டு முறை எர்த் சரியில்லை. வெள்ளை ஒயர் போல்ட் ஆன இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். அதற்கு முன் டெஸ்ட் விளக்கை எடுத்து மோட்டார்ஹோமின் சாக்கெட்டிலேயே சோதித்தால், கோளாறு வண்டியிலா காரிலா என்று ஒரே நிமிடத்தில் பிரிந்துவிடும். சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

மோட்டார்ஹோமில் பிரேக் போட்டதும் காரின் இண்டிகேட்டர் மினுக்குவது நின்று நிலையாக எரிகிறது என்றால் அது ஒயர் கோளாறு இல்லை. துணைப் பிரேக் காரின் பெடலை அழுத்துவதால் காரின் சொந்தப் பிரேக் சுவிட்ச் இரண்டு விளக்கையும் எரியவிட்டு மினுக்கலை மறைக்கிறது. இழுக்கும் நேரத்தில் மட்டும் அந்தச் சுவிட்சைத் துண்டிக்கும் ரிலே கிடைக்கும். காரின் சொந்த ஒயரில் நேராக ஒட்டுப்போட்டால் மின்சாரம் திரும்பிக் காரின் கணினிக்குள் போகாமல் இருக்க டயோடு கண்டிப்பாக வேண்டும். அந்த ஒயரையே தொட வேண்டாம் என்று நினைத்தால், பின்விளக்குக் கூட்டுக்குள் தனி பல்பு பொருத்தித் தனி ஒயர் இழுக்கலாம், புதிய கார்களுக்கு எனக்கு அதுதான் மேல் என்று தோன்றுகிறது.

கடகட சத்தம்

ஹிட்ச் குழாய்க்கும் உள்ளே நுழையும் தண்டுக்கும் நடுவில் இடைவெளி. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டால் போய்விடும். போகவில்லை என்றால் பேஸ் பிளேட் போல்ட்களைப் பாருங்கள், காரின் பம்பரைக் கழற்றித்தான் அதைப் பொருத்தியிருப்பார்கள், அதனால் மறந்துபோவது சுலபம். பொருத்திய கொஞ்ச தூரத்திலேயே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

முன்கண்ணாடியில் கல் தெறிப்பு

வண்டியின் பின்டயர்கள் வாரி அடிக்கும் கல். டோ பாருக்கும் காருக்கும் நடுவில் கட்டும் துணித் தடுப்பு நன்றாகக் காப்பாற்றும். வண்டியின் பின்னால் முழு அகலத்துக்குத் தொங்கும் ரப்பர் விரிப்பு மட்டும் போதாது.

டாலியில் காரின் பின்பக்கம் ஆடுகிறது

டயர் மேல் போட்ட பட்டை தளர்ந்திருக்கும். கிளம்பிச் சில மைலிலேயே டயர் அமர்ந்துகொள்ளும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், அதைச் செய்யாமல் நெடுஞ்சாலைக்குள் நுழையாதீர்கள். டாலியின் சொந்த எடையையும் மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாமில் டாலியை எங்கே நிறுத்துவது என்றும் முன்கூட்டியே கேளுங்கள், எல்லா இடத்திலும் அதற்கு இடம் இருக்காது.

பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டால்

பின்னால் எடுக்கப் பார்க்க வேண்டாம். சில அடி போவதற்குள் காரின் முன்சக்கரங்கள் முழுசாகத் திரும்பிக் குறுக்கே நின்றுவிடும், அதற்கு மேல் தள்ளினால் டோ பார் கை வளையும். டாலியிலும் இதே கதைதான். காரைக் கழற்றுங்கள், தனியாக ஓட்டி வெளியே கொண்டுபோங்கள், வண்டியைத் திருப்புங்கள், மறுபடி மாட்டுங்கள். பின்னால் வரிசையில் ஹாரன் அடிப்பவர்கள் காத்திருக்கட்டும்.

பழைய டோ பார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூ ஆக்ஸ் பார் ரோட்மாஸ்டர் பேஸ் பிளேட்டில் அப்படியே பொருந்தாது, அடாப்டர் வேண்டும், அதற்கும் தாங்குதிறன் எழுதியிருக்கும். கைகளை முழுசாக நீட்டி, ஒரு நேரான பலகையை ஒட்டி வைத்துப் பார்த்து, வளைவு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பின்னிழுக்கப் பார்த்து வளைத்த பார்தான் அதிகம் விற்பனைக்கு வரும். தாழ்களை ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்துப் பாருங்கள், வெல்டிங் ஓரங்களில் துரு கோடாக ஓடினால் உள்ளே விரிசல் இருக்கலாம். தாங்குதிறன் ஸ்டிக்கர் உரிந்துபோய், விற்பவருக்கும் எண் தெரியவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.